டப்பா திரும்பி வரும்போது பாருங்கள்: பள்ளிச் சாப்பாட்டில் நாம் செய்யும் தவறுகள்

மாலை நாலரை மணிக்குப் பிள்ளையின் புத்தகப் பையைத் திறந்தால் ஒரு வாடை அடிக்கும். நசுங்கிக் கறுத்த வாழைப்பழமும் கணக்கு நோட்டின் அட்டையும் ஒட்டிக்கொண்டு புழுங்கிய வாடை. "எவ்வளவு ஆசையா வச்சு அனுப்பினேன், தொடவே இல்ல பாரு" என்று ஒரு வருடம் முழுக்கப் புலம்பியிருக்கிறேன்.

பிறகு மகன் படிக்கும் அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு உறுப்பினரானேன். ஒரு கூட்டத்துக்குச் சீக்கிரமே போய்விட்டதால், காலை இன்டர்வலை வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்க்க நேர்ந்தது. மொத்தம் பத்து நிமிடம். மணி அடித்ததும் பாதிப் பிள்ளைகள் கழிப்பறைப் பக்கம் ஓடினார்கள், அங்கே வரிசை. அடுத்துக் குழாயடி, அங்கேயும் வரிசை. என் மகன் டப்பாவோடு வந்து உட்கார்ந்தபோது மூன்று நிமிடம்தான் மிச்சம். அதிலும் பாதி நேரம் மூடியோடு மல்லுக்கட்டினான். நாலு பக்கமும் கிளிப் வைத்த, ஒரு சொட்டுக் கசியாத டப்பா. கடை கடையாய்த் தேடி நானே வாங்கியது!

எங்கள் வீட்டின் முதல் தவறு அதுதான். என்ன வைக்கலாம் என்று யோசித்தேனே தவிர, அதைச் சாப்பிட அவனுக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்று யோசிக்கவில்லை. ஏழு வயதுப் பையனுக்கு முழுக் கொய்யாப்பழம் மூன்று நிமிட வேலை இல்லை. உரிக்காத ஆரஞ்சும் அப்படித்தான். சுளை சுளையாக உரித்து வைத்தால் காலியாகிவிடும். தண்ணீர் வடித்த சுண்டல், வறுத்த வேர்க்கடலை, அவித்துத் துண்டு போட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஒரு சின்ன பொரி உருண்டை, இவையெல்லாம் கையில் எடுத்தோம், வாயில் போட்டோம் என்று முடிகிற ரகம். டப்பா வாங்கும்போது பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போய் அவனையே திறந்து மூடச் சொல்லுங்கள்.

தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வந்தால் அதற்கும் பிள்ளையைத் திட்ட வேண்டாம். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அந்தக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காததால் குடிப்பதில்லை. பெண் பிள்ளைகளிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தால் சொல்வார்கள். இதற்கு மருந்து பாட்டிலில் இல்லை. கூட்டத்தில் எழுந்து தாழ்ப்பாளையும் தண்ணீரையும் பற்றிப் பேசுவதில்தான் இருக்கிறது.

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் கோதுமைக் கதிர், பால் வழியும் டம்ளர், ஓடுகிற பையன். பின்பக்கத்தைத் திருப்பினால் பொடி எழுத்து. நம்மில் பெரும்பாலோர் படிப்பது முன்பக்கத்தை மட்டும்தான்.

சேர்பொருள் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. ஆகவே முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே போதும். மைதா, சர்க்கரை, பாமாயில் என்று ஆரம்பித்தால், அட்டையில் எந்தத் தானியத்தின் படம் இருந்தாலும் அது மைதா பிஸ்கட்தான். மைதாவை மைதா என்று போடாமல் 'சுத்திகரித்த கோதுமை மாவு' என்பார்கள். கோதுமை என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

அடுத்தது சர்க்கரை. என் மகன் விரும்பிக் கேட்கிற கிரீம் பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 36 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தது. 60 கிராம் பாக்கெட்டை ஒரே மூச்சில் முடிக்கிற பிள்ளைக்குள் போவது ஏறத்தாழ 22 கிராம், அதாவது நாலு டீஸ்பூனுக்கு மேல். ஒரு நாளின் மொத்தக் கலோரியில், இப்படிச் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வருவது பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,400 கலோரி தேவைப்படும் பிள்ளைக்குப் பத்து சதவீதம் என்றால் 35 கிராம், ஐந்து என்றால் 17 கிராம் சொச்சம். காலைப் பாலில் போட்ட சர்க்கரையை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

'ஒரு பரிமாறலுக்கு' என்று போட்டிருக்கும் எண்ணிலும் ஒரு தந்திரம் உண்டு. அந்தப் பரிமாறல் இரண்டு பிஸ்கட்டாக இருக்கும். இரண்டோடு நிறுத்துகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. 100 கிராமுக்கான எண்ணைப் பார்த்து நாமே பெருக்கிக்கொள்வதுதான் சரி.

பாலில் கலக்கும் பவுடர்களுக்கும் இதே கதைதான். 'ஹெல்த் டிரிங்க்' என்ற ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. அதனால்தான் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பின் கீழ் காட்டக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. பெயர் மாறியது, டப்பாவில் இருக்கும் சர்க்கரை மாறிவிடவில்லை.

இதைப் படித்துவிட்டு, "எங்க வீட்டுல எல்லாமே கைமுறுக்குதான்" என்று நிமிர்ந்து உட்காருகிறவர்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. வீட்டில் சுட்டாலும் எண்ணெய் எண்ணெய்தான், உப்பு உப்புதான். நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் பிள்ளையின் பல்லுக்கும் ரத்தத்துக்கும் சர்க்கரையாகத்தான் தெரியும். நம் கைப்பக்குவம் சுத்தத்துக்கு உத்தரவாதம் தரலாம், அதற்கு மேல் இல்லை. கடலை மிட்டாயை நான் ஆதரிப்பது அதில் பாதிக்காவது கடலை இருக்கிறதே என்பதால்தான்.

"நம்ம பிள்ளை போய் தட்டேந்தணுமா?"

எதிர்வீட்டு அக்கா கேட்ட கேள்வி இது. அவர் பையனும் என் மகன் வகுப்புதான். சத்துணவுக்குப் பெயர் கொடுக்கவில்லை. தினமும் டப்பாவில் புளிசாதமோ நூடுல்ஸோ வரும், தொட்டுக்கொள்ள ஒரு பாக்கெட் சிப்ஸ்.

நான் விவாதம் பண்ணவில்லை. இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டேன். சத்துணவில் தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. மதிய உணவுக்கான தேசிய விதிப்படி அந்த ஒரு வேளையில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு 700 கலோரி, 20 கிராம் புரதம். தமிழ்நாட்டில் இதற்கு மேல் வாரம் ஐந்து நாளும் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். ஒரு முட்டையில் மட்டும் ஆறு கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஒரு நாள் கொண்டைக்கடலைப் புலாவ், ஒரு நாள் தக்காளி சாதம், ஒரு நாள் சாம்பார் சாதம் என்று பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த அக்காவின் டப்பாவில் புரதம் எங்கே என்று தேடினால், தாளிப்பில் போட்ட கடலைப்பருப்பில் கொஞ்சம் அகப்படும்.

ஏழைகளுக்குப் போடும் சோறு என்ற நினைப்புதான் இங்கே தவறு. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியதும், 1956இல் காமராசர் அதை மாநிலத்துக்கே விரித்ததும் பசியோடு வரும் பிள்ளை பாடம் கேட்க முடியாது என்ற எளிய காரணத்துக்காக. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த திட்டத்தின் பெயரிலேயே 'சத்து' வந்து உட்கார்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. இதில் வரிப்பணம் கட்டுகிற எல்லோருடைய பங்கும் இருக்கிறது. பிள்ளையைத் தனியே உட்கார வைத்து சிப்ஸ் தின்னச் சொல்வதில் கௌரவம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

எட்டிப் பார்க்காமல் இருப்பது

இதற்கு நேர் எதிர்த் தவறும் உண்டு. "ஸ்கூல்ல போடுறாங்க" என்று பெயரைக் கொடுத்துவிட்டு, அந்தச் சமையல்கூடத்தின் வாசலைக்கூட மிதிக்காமல் இருப்பது.

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிக்கொல்லி மருந்து கலந்திருந்தது. எண்ணெய் வித்தியாசமாக வாடை அடிக்கிறது என்று சமைத்த பெண்ணே சொன்னதாகவும், அவர் பேச்சு எடுபடவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன. அதே ஜூலை 16, 2004இல், கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பலிகொண்ட தீ, சத்துணவுச் சமையல் நடந்த கூரைக் கொட்டகையில் பற்றியது. பள்ளிச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற யாருக்கும் காலண்டரில் அந்தத் தேதி சாதாரணமாகக் கடந்துபோவதில்லை.

பரிமாறுவதற்கு முன்னால் ஆசிரியர் உட்படப் பெரியவர்கள் ருசி பார்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பல இடங்களில் அது பதிவேட்டில் ஒரு கையெழுத்தாக மட்டும் மிஞ்சிவிடுகிறது. நான் மாதம் ஒருமுறை போகிறேன். அதிகாரம் பண்ணுவதற்காக இல்லை. போனதும் அமைப்பாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டு எண்ணெய் பாக்கெட்டையும் பருப்பு டின்னையும் பார்ப்பேன். பூச்சிமருந்து, பினாயில் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது; அவற்றின் காலி டின்னில் எண்ணெயை ஊற்றி வைக்கவும் கூடாது.

முட்டை சோதனை எனக்குச் சமையலர் அக்கா சொல்லிக்கொடுத்தது. வேக வைக்கும் முன் ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். அடியில் படுத்தது நல்ல முட்டை. அடியில் நின்றபடி ஆடியது கொஞ்சம் பழசு, உடனே வேக வைத்துவிட வேண்டும். மிதந்த இரண்டைப் பேசாமல் எடுத்துத் தனியே வைத்தார். "இதை எழுதி வச்சுட்டுத்தான் திருப்பிக் குடுக்கணும், இல்லாட்டி கணக்கு இடிக்கும்" என்றார். அவர் சம்பளமும் வேலைச் சுமையும் தனிக் கட்டுரைக்கான விஷயம். நம்மிடம் புகார் மட்டும் கேட்டுப் பழகியவருக்கு ஒரு முறை "சாம்பார் நல்லா இருந்துச்சுக்கா" என்று சொன்னால், அடுத்த முறை அவரே கூப்பிட்டுக் காட்டுவார்.

கேட்டுக்கு வெளியே ஐம்பது மீட்டர்

கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் அதிகமான தின்பண்டங்களைப் பள்ளிக் கேன்டீனிலோ, பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதிமுறை கொண்டுவந்தது. நல்ல விதி. அதை நடைமுறைப்படுத்துகிற விதம்தான் வேடிக்கையாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தனியார் பள்ளியில், வாசலில் அவித்த வேர்க்கடலையும் நெல்லிக்காயும் விற்ற பாட்டியை வாட்ச்மேன் விரட்டினார். உள்ளே கேன்டீனில் பப்ஸ், கேஸ் டிரிங்க், பாக்கெட் சிப்ஸ் வழக்கம்போல விற்பனை. விதி சொல்வது பண்டத்தின் தன்மையைப் பற்றி. விரட்டப்பட்டவரிடம் இருந்ததைவிடச் சத்தான எதுவும் அந்தக் கேன்டீனில் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி கேன்டீனின் விலைப்பட்டியலைப் பற்றித்தான்.

அதற்காக வாசலில் விற்பதெல்லாம் நல்லது என்றும் ஆகிவிடாது. அடிக்கிற ரோஸ் நிறத்தில் எது இருந்தாலும் சந்தேகப்படலாம். துணிச் சாயமான ரோடமைன் பி கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது. வெட்டி மூடாமல் வைத்த மாங்காய், அன்னாசி இவற்றில் எனக்குப் பயம் மிளகாய்த்தூளால் இல்லை, ஈயாலும் அதை அலசிய தண்ணீராலும்.

இன்னொன்று. தடை மட்டும் போட்டுவிட்டு மாற்று எதுவும் தராத பள்ளிகளில், பிள்ளைகள் சிப்ஸைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக் கழிப்பறையில் தின்கிறார்கள். பிறந்தநாளுக்குச் சாக்லேட் வேண்டாம் என்றால் என்ன கொண்டு வரலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வகுப்பு ஆசிரியை கடலை மிட்டாய் அல்லது ஆளுக்கொரு பென்சில் என்றார். பிரச்சினை அதோடு தீர்ந்தது.

சமையலறையில் செய்கிற சில்லறைத் தவறுகள்

நேற்று மிஞ்சிய சாதத்தைக் காலையில் எலுமிச்சை சாதமாக்கி அனுப்புவது நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். சாதத்தில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் வேக வைத்தாலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரவெல்லாம் வெளியே இருந்த சாதத்தை மத்தியானம் பன்னிரண்டரை வரை டப்பாவில் வைப்பது வாந்திக்கு வழி. காலையில் வடித்த சாதமாக இருந்தால், ஆவி பறக்க ஹாட் பாக்ஸில் வையுங்கள். இல்லையென்றால் தட்டில் பரப்பி நன்றாக ஆற வைத்து, வேர்க்காத டப்பாவில் வையுங்கள். பாதிச் சூட்டில் மூடுவதுதான் மோசம். வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னியை மறந்துவிடுவது நல்லது.

டீ விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. காலையில் இட்லியோடு ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் நம் ஊரில் ஏராளம். டீயில் உள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கிய கையோடு டீ குடித்தால் அதன் பலனும் குறையும். நெல்லிக்காய், கொய்யா, சுண்டலில் பிழிந்த எலுமிச்சை ஆகியவை நேர் எதிராக வேலை செய்து இரும்பை உள்ளே அனுப்பும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள். பத்து வயதுக்குக் கீழே டீயே வேண்டாம் என்பது என் கட்சி.

"சாப்பிட்டியா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "ம்" என்றுதான் சொல்லும். நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்ட?" என்று கேட்கிறேன். நேற்று டப்பாவைத் திறந்தேன். நான் வைத்த பாசிப்பயறு சுண்டல் ஒரு மணிகூட இல்லை. மூலையில் எள் ஒட்டிய ஒரு துணுக்கு கிடந்தது, அதிரசம்போல. எங்கள் வீட்டில் அதிரசம் சுட்டு ஆறு மாதம் ஆகிறது.