அரசாங்கத் தளமா, போலியா: பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் என்று இணையத்தில் தேடும்போது, அரச இலச்சினையுடன் முதலில் தோன்றும் பக்கம் அரசாங்கத்தினுடையது என்று எண்ணிவிட வேண்டாம். இலச்சினையை எவரும் பிரதி செய்யலாம், மேலே நிற்பது காசு கொடுத்துப் போட்ட விளம்பரமாகவும் இருக்கலாம்.

பக்கத்தின் இணைய முகவரியைத்தான் பார்க்க வேண்டும். இரட்டைச் சாய்கோட்டுக்குப் (//) பின்னர் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னுள்ள எழுத்துகளைப் படியுங்கள்: இலங்கை அரசாங்கத் தளங்கள் பொதுவாக ‘ஜிஓவி புள்ளி எல்கே’ (.gov.lk) என்றே முடியும். ‘ஜிஓவி’ நடுவில் நின்று, இறுதி ‘கொம்’ (.com) என்றிருந்தால், அடையாள அட்டை இலக்கத்தைக்கூட அங்கே கொடுக்கக்கூடாது. முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டுச் சின்னத்தை மட்டும் நம்ப வேண்டாம், அது போலித் தளங்களிலும் உண்டு.

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடையில் கொடுத்து விண்ணப்பம் நிரப்புவோர், திரையைத் தம் பக்கம் திருப்பச் சொல்லி முகவரியைப் பார்க்கத் தயங்க வேண்டாம், விவரங்கள் உங்களுடையவை. தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் வரும் இணைப்பை, அனுப்பியவர் சொந்தக்காரர் என்பதற்காக நம்பாமல், 1919 என்ற அரசாங்கத் தகவல் இலக்கத்திலோ கிராம உத்தியோகத்தரிடமோ கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஏற்கெனவே அட்டை விவரங்களைக் கொடுத்திருந்தால், வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் வங்கியை அழைத்து அட்டையை முடக்கச் செய்யுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காமல், பக்கத்தையும் படம்பிடித்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடுங்கள்.