எட்டாத இடத்தில் ஒரு வலி

எனக்கு வலி வந்த இடத்தை என் கையாலேயே தொட முடியாது. மேலிருந்து விட்டாலும் எட்டாது, கீழிருந்து மடக்கினாலும் எட்டாது. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகெலும்பை ஒட்டி இடது பக்கம், ஒரு சட்டைப் பொத்தான் அளவு இடம். 18 வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்காருகிறவள் நான். பார்த்தவர்கள் எல்லோரும் வாயுப் பிடிப்பு என்றார்கள், நானும் நம்பிவிட்டேன்.

சந்தேகம் வந்தது, விடுமுறை நாட்களில் வலி காணாமல் போனபோதுதான். வாயுவுக்கு விடுமுறை தெரியுமா? அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாரம் குறித்து வைத்தேன்: எப்போது வலித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் கைத்தையல் போட்ட இரண்டு நாளும் வலி உச்சத்தில் இருந்தது. தையல் தெரியவில்லை என்று மூக்கு துணியில் படும் அளவுக்குக் குனிந்திருக்கிறேன். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். வலியின் பெயரைவிட அது வரும் நேரம் அதிகம் சொல்லும்.

நடு முதுகில் 12 முள்ளெலும்புகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் விலா எலும்பு வந்து சேர்கிறது. கூடை மாதிரி இறுக்கமான கட்டு என்பதால் இடுப்பைப் போல அங்கே டிஸ்க் விலகுவது அதிகம் நடப்பதில்லை. பெரும்பாலும் சிக்கல் தசையிலோ, விலா எலும்பு வந்து சேரும் சின்ன மூட்டுகளிலோதான். தும்மினால், ஆழ்ந்து மூச்சு இழுத்தால் சுரீர் என்பதும் இதனால்தான். மூச்சுப்பிடிப்பு என்று நம் ஆட்கள் சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். தலை மட்டுமே சுமார் 5 கிலோ. குனிந்தே இருந்தால் அதை விழாமல் இழுத்துப் பிடிக்கிற வேலை கழுத்துக்கும் முதுகுத் தசைகளுக்கும்.

ஆனால் எல்லா நடு முதுகு வலியும் தசை வலி இல்லை. நெஞ்சை அழுத்துவது, மூச்சுத் திணறல், வியர்த்துக் கொட்டுவது, திடீரென்று கிழிப்பது போன்ற வலி என்றால் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, இவையும் அப்படியே. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, கீழே விழுந்தது, இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். எலும்பின் அடர்த்தி குறைந்து பலவீனமானவர்களுக்கு (எலும்புப்புரை) லேசாக இடறினாலே முள்ளெலும்பு நொறுங்கலாம். ஒரு பக்கமாகப் பட்டை போல எரிந்து, சில நாளில் கொப்புளம் வந்தால் அது அக்கி. சாப்பிட்டபின் வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வலித்தால் பித்தப்பையாக இருக்கலாம்.

இதெல்லாம் இல்லை என்றால், படுத்தே கிடக்காதீர்கள். நான் இரண்டு நாள் படுத்துப் பார்த்தேன், எழுந்தபோது பலகை மாதிரி இருந்தேன். துணி சுற்றிய வெந்நீர்ப் பையை 15 நிமிடம் வைத்துவிட்டு, கொஞ்சம் நடங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் வலி மாத்திரை போட வேண்டாம்.

பிறகு பயிற்சி. எனக்குப் பலன் தந்தது மூன்று. நாற்காலியின் முதுகுச் சாய்வு தோள்பட்டை எலும்புக்குச் சற்றுக் கீழே வரும்படி உட்கார்ந்து, கைகளைக் கழுத்துக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, மூச்சை விட்டபடியே மெல்லப் பின்னால் வளைவது, 8 முறை. (எலும்புப்புரை உள்ளவர்கள் இதைக் கேட்காமல் செய்யக் கூடாது.) சுவருக்கும் முதுகுக்கும் நடுவே டென்னிஸ் பந்து வைத்து உருட்டுவது, பந்து தசைமேல்தான் இருக்க வேண்டும், முள்ளெலும்பின்மேல் கூடாது. அப்புறம், தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து 5 எண்ணி விடுவது. வலி கூடினாலோ கைக்குப் பரவினாலோ நிறுத்துங்கள். சில வாரங்களில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

“நிமிர்ந்து உட்கார்” என்பது பாதி யோசனைதான். நாள் முழுக்க விறைப்பாக நிமிர்ந்திருந்து அதற்கும் ஒரு வலி வாங்கினேன். எந்த நிலையானாலும் அதிலேயே நீண்ட நேரம் இருக்கக் கூடாது. வேலையைக் கண்ணுக்கு உயர்த்திக் கொண்டேன்: கைத்தையலுக்கு மடியில் ஒரு தடித்த தலையணை, பக்கத்தில் ஒரு விளக்கு. கறுப்புத் துணியைப் பகலில் மட்டும் எடுக்கிறேன்.

முன்பெல்லாம் நேரம் மிச்சமாகட்டும் என்று நூல் சுற்றிய பாபின் ஆறேழு கைக்கெட்டும் தூரத்தில் அடுக்கி வைத்திருப்பேன். இப்போது அந்த டப்பா அறையின் எதிர்மூலையில், தலைக்கு மேலே உள்ள அலமாரியில் இருக்கிறது. பாபின் தீரும்போதெல்லாம் எழுந்து, நடந்து, கையை உயர்த்தித்தான் அடுத்ததை எடுக்க வேண்டும்.