தாம்பரம் – திருவண்ணாமலை: காலையில் காரில் போய் உறவினரைப் பார்த்துவிட்டு இரவே திரும்புவது எப்படி?

தாம்பரத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை சுமார் 165 கி.மீ. இடையில் ஒரு நிறுத்தம் போட்டால் போக மூன்றரை மணி நேரம் ஆகும். புதிதாக வண்டி ஓட்டுபவர்கள் எப்போது புறப்படுவது என்றுதான் யோசிப்பார்கள். எப்போது திரும்புவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

1. நாள்

பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் வேண்டவே வேண்டாம். கார்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். உறவினர் வீடு கிரிவலப் பாதையில் இருந்தால் நடைதான். ஞாயிறைவிடச் சனி நல்லது. ஞாயிறு மாலை ஊர் திரும்பும் வண்டிகளெல்லாம் செங்கல்பட்டுக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில் தேங்கி நிற்கும்.

2. முதல் நாள் மாலை வண்டியில் பார்க்க வேண்டியவை

டயர் காற்றை வண்டி ஓடிச் சூடாகும் முன் பிடியுங்கள். சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். எவ்வளவு பிடிப்பது என்பது ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். ஐந்து பேரும் சாமான்களும் என்றால் அதிலுள்ள 'முழுச் சுமை' அளவு. ஸ்டெப்னியிலும் காற்றைப் பார்த்துவிடுங்கள். பஞ்சரான பிறகுதான் அதுவும் தட்டையாகக் கிடப்பது பலருக்குத் தெரியவரும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் சாமான்களுக்கு அடியில் புதைந்துவிடக் கூடாது.

எஞ்சின் ஆயில், கூலண்ட், வைப்பர் தண்ணீர், பிரேக் விளக்கு ஆகியவற்றையும் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

உள்ளூர் ஓட்டத்தையும் சேர்த்து 340 கி.மீ. என்று வைத்தால், லிட்டருக்கு 15 கி.மீ. தரும் வண்டிக்கு 23 லிட்டர் பெட்ரோல் வேண்டும்.

3. ஃபாஸ்டேக்

திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் பரனூர், ஆத்தூர் என இரண்டு டோல்கேட். ஃபாஸ்டேக்கில் பணமில்லாமல் ரொக்கம் நீட்டினால் இரு மடங்கு கேட்பார்கள். 24 மணி நேரத்துக்குள் அதே டோல்கேட் வழியாகத் திரும்பினால் திரும்பும்போது பாதிதான் பிடிக்கும்.

4. போகும் வழி

காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். குழந்தைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காமல் பொடி தடவிய இட்லி இரண்டு போதும். ஓடும் வண்டியில் செல்போன் பார்த்தால் வாந்தி நிச்சயம். திண்டிவனத்துக்கு முன் ஒருமுறை நிறுத்திக் காலை நீட்டிக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் நான்கு வழிச்சாலை முடிந்துவிடும். அடுத்த 65 கி.மீ.க்கு நடுவில் தடுப்பு கிடையாது. நூறில் ஓட்டிப் பழகிய கால் அங்கேயும் அழுத்தும், கவனம். எதிரே வருவது நன்றாகத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள். செஞ்சிக் கோட்டையைப் பார்க்க ஆசைப்பட்டால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

5. உறவினர் வீடு

ஒரு நாளில் இரண்டு வீடு, அதற்கு மேல் வேண்டாம். சாப்பாடு எந்த வீட்டில் என்பதை முந்தைய நாளே இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் இரு வீட்டிலும் இலை போட்டுவிடுவார்கள். ஒரு வீட்டில் மனத்தாங்கல் மிஞ்சும். வாங்கிப்போகும் மல்லிகைப்பூவை ஈரத்துணியில் சுற்றுங்கள். டேஷ்போர்டில் வைத்தால் திண்டிவனத்துக்குள் கருகிவிடும்.

6. திரும்புதல்

கிளம்பும் நேரம் மதியம் 3 மணி. அதை வீட்டுக்குள் நுழையும்போதே சொல்லிவிடுங்கள். "காபி குடிச்சிட்டுப் போங்க" என்பது முக்கால் மணி நேரம். ஞாயிறென்றால் இன்னொரு சிக்கல்: மாலை 4:30 முதல் 6 வரை ராகுகாலம். 4:20-க்கு வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தால் பெரியவர்கள் ஆறு மணிக்கு முன் விடமாட்டார்கள். பிறகு அந்த 65 கி.மீ.யை இருட்டில் கடக்க வேண்டும். கரும்பு ஏற்றிய டிராக்டர்களில் பல பின்விளக்கில்லாமல் போகும். எதிர்வண்டி வெளிச்சத்தில் பக்கத்தில் போனபின்தான் தெரியும்.

மதியச் சாப்பாட்டில் சோற்றைப் பாதியாகக் குறையுங்கள். கண் சொக்கினால் பாட்டும் ஜன்னல் காற்றும் உதவாது. பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குங்கள். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033, அடிபட்டால் 108.