வேக்ரன்ட் அப் அடித்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருக்காதீர்கள்

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வேக்ரன்ட் சொல்லிக்கொடுக்கிறேன். வேக்ரன்ட்ஃபைல் என்ற ஃபைலில் எழுதிவைத்தபடி கம்ப்யூட்டருக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷினை உருவாக்கித் தரும் கருவி அது, 'வேக்ரன்ட் அப்' அடித்தால் மெஷின் எழும். பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். ஏழெட்டு வருடம் முன்பு நான் செய்த தப்புகளை அப்படியே செய்கிறார்கள். பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்ய மறப்பது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன், எரர் மெசேஜே சொல்லிவிடும்.

ஒவ்வொரு முறையும் வெறும் பாக்ஸிலிருந்து தொடங்குவது

பாக்ஸ் என்றால் மெஷினை உருவாக்க எடுத்துக்கொள்ளும் தயார் இமேஜ். ஒவ்வொரு முறையும் அதிலிருந்து தொடங்குவதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. போன ஜூனில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், ஆபீஸ் நெட் போய்விட்டது. ஒரு பையன் செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான், திரையில் உபுண்டு பேக்கேஜ்கள் வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தன. "நெட் ஸ்லோண்ணா" என்றான். என்ன மாற்றினாய் என்று கேட்டால், என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் கான்ஃபிகில் ஒரே ஒரு வரியாம். அதற்காக டெஸ்ட்ராய் அடித்து மெஷினையே அழித்து, மறுபடி அப். காலையில் ஏற்கெனவே இறங்கிய போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடும் திரும்ப முதலிலிருந்து! அவனுடைய அன்றைய டேட்டா அதிலேயே தீர்ந்தது.

அந்த ஒரு வரிக்கு 'வேக்ரன்ட் புரொவிஷன்' போதும், மென்பொருள்களை நிறுவி அமைக்கும் ஸ்கிரிப்ட் ஓடுகிற மெஷினிலேயே மறுபடி ஓடும். 'அப்' முதல் தடவை மட்டும்தான் தானாகப் புரொவிஷன் செய்யும், அது தெரியாமல்தான் எல்லோரும் டெஸ்ட்ராய்க்குப் போகிறார்கள், நானும் போனேன். ஸ்கிரிப்ட்டை மட்டும் இரண்டாம் முறை ஓடினாலும் உடையாதபடி எழுதுங்கள்: ஃபோல்டர் உருவாக்கும் மேக்டிர் என்றால் ஹைஃபன் பி சேர்த்து, யூசரை உருவாக்குவது என்றால் ஏற்கெனவே இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு.

அப்புறம், எப்போதாவது மாறுகிற கனமான பேக்கேஜ்களைத் தனி ஸ்கிரிப்டாகப் பிரித்து ஒரே ஒருமுறை நிறுவுங்கள். உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்டில் 'ஆப்ட் கிளீன்' கொடுத்து கேஷைத் துடைத்து, 'வேக்ரன்ட் பேக்கேஜ்' அடித்தால் உங்களுக்கென்று ஒரு பாக்ஸ் கிடைக்கும். பென்டிரைவில் பக்கத்துச் சீட்டுக்குக் கொடுங்கள், 'பாக்ஸ் ஆட்' செய்தால் இன்டர்நெட்டே வேண்டாம். அடிக்கடி மாறும் கான்ஃபிக் மட்டும் வேக்ரன்ட்ஃபைலில் இருக்கட்டும். பாஸ்வேர்ட், கீ எதையும் பாக்ஸுக்குள் வைக்காதீர்கள், அது எத்தனை கை மாறும் என்று சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை அப்டேட் போட்டுப் பாக்ஸைப் புதிதாகக் கட்டுங்கள்.

ஸ்னாப்ஷாட்டை மறப்பது

மெஷினின் அப்போதைய நிலையை அப்படியே சேமித்துவைப்பதுதான் ஸ்னாப்ஷாட், வேக்ரன்டில் 2015இல் வந்த 1.8 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எதையாவது சோதிக்கும் முன் 'ஸ்னாப்ஷாட் சேவ்', கெட்டுப்போனால் 'ரீஸ்டோர்'. ரீஸ்டோர் செய்யும்போது 'நோ புரொவிஷன்' கொடுத்துவிட்டால் ஸ்கிரிப்ட் ஓடுமோ என்ற கவலையும் இல்லை.

ரன் ஆல்வேஸ்

ஒரு ஸ்கிரிப்டுக்கு இதைக் கொடுத்தால் ஒவ்வொரு 'அப்'பிலும் அது ஓடும். சர்வீஸ் ஸ்டார்ட் செய்ய மட்டும் கொடுங்கள். ஆப்ட் அப்டேட்டுக்கு வேண்டாம்.

நோட் மாட்யூல்ஸை ஷேர்டு ஃபோல்டரில் வைப்பது

நோட் மாட்யூல்ஸ் என்பது நோடின் பேக்கேஜ் கருவியான என்பிஎம் இறக்கும் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர். அந்த ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை, மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸின் ஷேர்டு ஃபோல்டர் (உங்கள் கம்ப்யூட்டரும் மெஷினும் பகிர்ந்துகொள்வது) தாங்காது, என்பிஎம் இன்ஸ்டால் நகரவே நகராது. லினக்ஸ், மேக்கில் என்எஃப்எஸ் என்ற வேறு வகை ஃபோல்டர் பகிர்வைப் போடுங்கள். விண்டோஸில் அதை வேக்ரன்ட் கண்டுகொள்ளாது, அங்கே நோட் மாட்யூல்ஸை மெஷினுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் வையுங்கள்.

8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் 6 ஜிபியை மெஷினுக்குக் கொடுப்பது

வேண்டாம். இரண்டில் தொடங்குங்கள்.