விலை எவ்வளவு தூரம் ஓடிவிட்டது? நகரும் சராசரியால் அளந்து பார்ப்போம்

திருகோணமலை டச்பே கடலில் நங்கூரம் போட்ட படகு, காற்றடித்தால் கயிறு விடும் தூரம்வரை போய்த் திரும்பும். பியூச்சர்ஸ், அதாவது ஒரு பொருளைப் பின்னொரு திகதியில் வாங்க, விற்க இன்றே விலைபேசும் ஒப்பந்தம். அதன் விலைக்கும், கடைசிச் சில நாள் விலைகளின் சராசரியான நகரும் சராசரிக்கும் உள்ள உறவு கிட்டத்தட்ட அதுதான். ஆனால் இங்கே நங்கூரமும் மெல்ல நகரும், அதைக் கவனிக்காமல்தான் நான் ஆரம்பத்தில் காசை விட்டேன்.

சரி, கச்சா எண்ணெயை எடுப்போம். டபிள்யூடிஐ என்ற அமெரிக்க எண்ணெயின் ஓர் ஒப்பந்தம் 1000 பீப்பாய், விலை 1 டொலர் அசைந்தால் உங்களுக்கு 1000 டொலர், ஆகவே முதலில் காசு போடாமல் தாளிலேயே பழகுங்கள்.

நாளாந்த சார்ட்டில் 20 நாள் சராசரியைப் போடுங்கள். கடைசி 20 முடிவு விலைகளைக் கூட்டி 20ஆல் வகுத்தது, அவ்வளவுதான். நியூயோர்க்கில் பிற்பகல் 2.30க்குத்தான் அன்றைய தீர்வு விலை, அதாவது நாம் எடுக்கும் முடிவு விலை, தெரியவரும், அங்கே கோடைகாலமென்றால் இலங்கையில் நமக்கு அது நள்ளிரவு, அதனால் கணக்கை விடிந்த பிறகு செய்யுங்கள்.

அடுத்தது தூரம். விலை 78, சராசரி 72 என்றால் இடைவெளி 6 டொலர், அதாவது 8.3 சதவீதம். இது அதிகமா? எண்ணெய்க்கு ஓர் அளவு, தங்கத்துக்கு வேறு அளவு. அதனால் சார்ட்டில் 14 நாள் ஏடிஆர் (ATR) என்ற அளவையும் போடுங்கள், விலை ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு அசைகிறது என்பதை அது காட்டும். அது 2 டொலர் என்றால் விலை 3 ஏடிஆர் தள்ளி நிற்கிறது. இனி இரண்டு மூன்று வருடம் பின்னால் போய், இப்படி 3 மடங்கு விலகியபோதெல்லாம் என்ன நடந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள், அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வெறும் ஊகம். ஒரு மாத ஒப்பந்தம் முடிந்து அடுத்த மாதத்துக்கு மாறும்போது விழும் விலை இடைவெளியைச் சரிசெய்த தொடர் சார்ட்டையே பாருங்கள். அதில் பழைய விலைகள் மாறியிருக்கும், ஆகவே சதவீதத்தை விட ஏடிஆர் மடங்கை நம்பலாம்.

தூரம் கூடிவிட்டதென்று உடனே எதிர்ப்பக்கம் இறங்காதீர்கள். 2020 ஏப்ரல் 17இல் மே மாத ஒப்பந்தம் 18.27 டொலரில் முடிந்தது, அப்போதே சராசரிக்குக் கீழேதான். இனி எங்கே விழப்போகிறது என்று வாங்கியிருந்தால்? 20ஆம் திகதி அது மைனஸ் 37.63இல் முடிந்தது. மறுநாள் ஒப்பந்தம் காலாவதி, அதுவரை கையில் வைத்திருந்தால் எண்ணெயையே பொறுப்பேற்க வேண்டும், அதை ஒப்படைக்கும் இடமான அமெரிக்காவின் குஷிங் குதங்களில் இடம் கிடைக்கவில்லை. திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, வைக்க இடமில்லாத எண்ணெய் என்ன பாடுபடுத்தும் என்று விளங்கும்.

ஆகவே பொறுங்கள். மேலே ஓடிய விலை முந்தைய நாளின் தாழ்விலைக்குக் கீழே முடிந்த பிறகே விற்பதை (பியூச்சர்ஸில் முதலில் விற்று, விலை இறங்கியதும் வாங்கி முடிக்கலாம்) யோசியுங்கள், நட்டத்தோடு வெளியேறும் விலையான ஸ்டாப்பை, விலை தொட்ட உச்சத்துக்குச் சற்று மேலே வையுங்கள், இலக்கு சராசரிதான். விலை இறங்காமல் 78இலேயே இரண்டு வாரம் நின்றால் சராசரி தானாக ஏறி அருகே வந்துவிடும், விற்றவருக்கு ஒரு சதமும் மிஞ்சாது. அப்படி நங்கூரம் நகர்ந்து வருவது தெரிந்தால் வெளியே வந்துவிடுங்கள்.