வெப்பக் கணக்கில் கண்ணுக்குத் தப்பும் தவறுகள்

புதிதாக வருபவர்களின் கணக்குத் தாள்களைத் திருத்தும்போது, ஒரு காலத்தில் நானும் செய்த அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கெல்வினுக்கு மாற்றாமல் செல்சியஸை அப்படியே நான்காம் படிக்கு உயர்த்துவது, மில்லிமீட்டரை மீட்டராக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். விடை கன்னாபின்னாவென்று வரும், தானே பிடிபட்டுவிடும். விடை நம்பும்படியாக வந்து, கையெழுத்தும் விழுந்துவிடுகிற தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

“200 டிகிரிதானே, கதிர்வீச்சு எதற்கு?”

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இரும்பு பழுக்கச் சிவந்தால்தான் கதிர்வீச்சு என்று பலருக்கும் மனதில் பதிந்துவிட்டது. ஒரு தொழிற்சாலையில் நீராவிக் குழாய்க்கு இன்சுலேஷன் போட்டால் கட்டுப்படியாகுமா என்று பார்க்கச் சொன்னார்கள். இளம் பொறியாளர் ஒருவர் போட்ட கணக்கில் அலகுகள் எல்லாம் சரி, படிகளும் தெளிவு. நடுவில் மட்டும் ஒரு வரி: ‘கதிர்வீச்சு புறக்கணிக்கத்தக்கது’. முடிவு, போட்ட பணம் திரும்ப ரொம்ப நாளாகும், வேண்டாம். மேலே இருந்தவர்களும் சரி என்றுவிட்டார்கள். குழாய் வெறுமனே கிடந்து பட்டறையைச் சூடாக்கியது.

அதே மாதிரி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பரப்பு 200 டிகிரி செல்சியஸ், சுற்றுப்புறம் 30. விட்டம் பெரியது, தட்டைப் பரப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். சலனம் என்பது காற்று நகர்ந்து எடுத்துச் செல்லும் வெப்பம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் சலனக் குணகம் (ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு இத்தனை வாட்) 7 என்று வைத்தால், சதுர மீட்டருக்குச் சலன இழப்பு 1190 வாட். உமிழ்திறன் (பரப்பு எவ்வளவு நன்றாகக் கதிர்வீசுகிறது என்பதன் அளவு, அதிகபட்சம் 1) 0.8 என்றால் கதிர்வீச்சு இழப்பு? கெல்வினில் 473-இன் நான்காம் படியிலிருந்து 303-இன் நான்காம் படியைக் கழித்து, உமிழ்திறனாலும் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் மாறிலியாலும் பெருக்கிப் பாருங்கள், சுமார் 1890 வாட் வரும். ‘புறக்கணிக்கத்தக்கது’ என்று தள்ளியதுதான் பெரிய பங்கு!

இனி 50 மில்லிமீட்டர் கனத்தில், கடத்துத்திறன் (பொருள் வழியே வெப்பம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதன் அளவு) 0.05 உள்ள இன்சுலேஷனைச் சுற்றினால் இழப்பு ஏறக்குறைய 155 வாட்டாக இறங்கிவிடும். ஆக உண்மையான மிச்சம் 2900 வாட்டுக்கு மேல். கதிர்வீச்சை விட்டவருக்குக் கிடைக்கும் மிச்சம் 1050 வாட்தான். போட்ட பணம் திரும்பும் காலம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நீண்டுவிடுகிறது.

இன்சுலேஷன் போட்ட பிறகாவது கதிர்வீச்சை விடலாமா என்றால், அதுவும் கூடாது. 40 டிகிரி அளவில் இருக்கும் சாதாரணப் பரப்பிலேயே கதிர்வீச்சுக்கான குணகம் 6 வரும், இயற்கைச் சலனத்துக்கோ 5 போலத்தான். இரண்டையும் சேர்த்தால் மேற்பரப்பு 44 டிகிரி, சலனத்தை மட்டும் எடுத்தால் 58. தொட்டால் சுடுமா என்ற கேள்விக்கே விடை மாறிவிடுகிறது. அப்புறம், மேலே பளபளப்பான அலுமினியத் தகடு போர்த்தினால் உமிழ்திறன் 0.1 அளவுக்கு இறங்கும். இழப்பு கொஞ்சம் குறையும், ஆனால் தகடு 56 டிகிரிக்கு ஏறிவிடும். தகடு போட்டதும் குளிர்ந்துவிடும் என்று நினைத்துக் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

தடைகளை மாற்றி இணைப்பது

வெப்பம் வெளியேறும் வழியில் இன்சுலேஷனும் வெளிப்பரப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் தடைகள், அதாவது தொடரிணைப்பு. வெளிப்பரப்பில் வெப்பம் சலனம், கதிர்வீச்சு என்று ஒரே நேரத்தில் இரண்டு வழியிலும் போகும், அதாவது பக்க இணைப்பு, அங்கே குணகங்களைத்தான் கூட்ட வேண்டும். மூன்று தடைகளையும் வரிசையாகக் கூட்டிவிட்டு, ‘இழப்பு குறைவாகத்தானே இருக்கிறது’ என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு.

மாறுநிலை ஆரத்தைக் கண்டு பயப்படுவது

இந்த ஆரத்தை எட்டும்வரை இன்சுலேஷன் சுற்றச் சுற்ற இழப்பு குறையாமல் கூடும். கடத்துத்திறன் 0.05, குணகம் 10 என்றால் அந்த ஆரம் 5 மில்லிமீட்டர். மெல்லிய கம்பிக்குக் கவலைப்படுங்கள், நீராவிக் குழாய்க்கு வேண்டாம்.

சுற்றுச்சுவரையும் காற்றையும் ஒரே வெப்பநிலை என்பது

பக்கத்தில் உலை இருந்தால் அப்படி இருக்காது. சூடான வாயுக்குள் வைத்த தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உணரி) குறைத்துக் காட்டுவதும் இதனால்தான். அது குளிர்ந்த சுவரைப் பார்த்துக் கதிர்வீசிக்கொண்டிருக்கும்.

நனைந்த இன்சுலேஷன்

தண்ணீரின் கடத்துத்திறன் 0.6. கணக்கைத் திரும்பப் போடுங்கள்.