2 ஜிபி சர்வரில் லிப்ரேடிரான்ஸ்லேட்

லிப்ரேடிரான்ஸ்லேட் என்பது நம் சர்வரிலேயே ஓட்டிக்கொள்ளக்கூடிய மொழிபெயர்ப்பு மென்பொருள். அலுவலகத்துக்குள் பயன்படுத்த அதை டாக்கரில் (மென்பொருளை ‘கண்டெய்னர்’ என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஏற்றி, முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை வைத்திருந்தேன். காலையில் நன்றாக ஓடும், மதியத்துக்குள் படுத்துவிடும். கண்டெய்னர் லாகில் ஒரு பிழைச் செய்தியும் இல்லை. கெர்னல் லாகைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ‘அவுட் ஆஃப் மெமரி’, அதாவது ராம் தீர்ந்துவிட்டது. லினக்ஸே ப்ராசஸைக் கொன்றிருக்கிறது.

மொழிகளைக் குறிப்பிடாமல் கிளப்பினால் லிப்ரேடிரான்ஸ்லேட் இருக்கிற எல்லா மொழிபெயர்ப்பு மாடல்களையும் (மொழிபெயர்க்கப் பயிற்றுவித்த கோப்புகள்) இறக்கி வைத்துக்கொள்ளும். எங்களுக்குத் தேவை பிரெஞ்சிலிருந்து இந்தி மட்டுமே. ஆனால் திரையில் அத்தனை மொழிகளும் தெரிந்தால் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்ததில் ராம் நிரம்பிவிட்டது.

‘லோட்-ஒன்லி’ அமைப்பில் பிரெஞ்சு, இந்தி, ஆங்கிலம் என மூன்றை மட்டும் கொடுத்தேன். ஆங்கிலம் எதற்கு என்றால், உள்ளே வேலை செய்யும் ஆர்கோஸ் டிரான்ஸ்லேட்டில் பிரெஞ்சு–இந்திக்கு நேர்வழி இல்லை. ஆங்கிலம் வழியாகத்தான் போகும். மொழிபெயர்ப்பின் தரத்திலும் அந்தச் சுற்றுவழி தெரியத்தான் செய்கிறது.

கண்டெய்னரைப் புதிதாக உருவாக்கும்போதெல்லாம் மாடல்கள் மறுபடி இறங்கின. மாடல்கள் இருக்கும் கோப்புறையை, கண்டெய்னர் போனாலும் அழியாத டாக்கர் வால்யூமில் மாட்டியதும் அது நின்றது.

அப்புறம் 504 பிழை, அதாவது பதில் நேரத்துக்குள் வரவில்லை என்று என்ஜின்எக்ஸ் கைவிடுவது. நீளமான அறிக்கையை மொத்தமாக அனுப்பினால் ஜிபியு இல்லாத சர்வர் திணறும். என்ஜின்எக்ஸோ இயல்பாக 60 விநாடிதான் பதிலுக்குக் காத்திருக்கும். அதை 300 ஆக்கினேன். ஆனாலும் உண்மையில் உதவியது, பத்தி பத்தியாகப் பிரித்து அனுப்பியதுதான். ஒரு பத்தி தவறினால் அதை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும்.